பழைய பங்களாவின் சிம்னி: நெருப்பு மூட்டும் முன் மச்சில் ஏறிப் பாருங்கள்

நான் குன்னூரில் கொத்தனார், அப்பாவும் கொத்தனார்தான். நீலகிரியின் பழைய பங்களாக்களைப் பழுது பார்ப்பதே எங்கள் பிழைப்பு. வருடம் முழுவதும் யாரும் கண்டுகொள்ளாத சிம்னிக்கு டிசம்பர் பிறந்ததும் திடீரென்று மவுசு வந்துவிடும். “அண்ணா, புகையெல்லாம் ஹாலுக்குள்ளேயே திரும்புகிறது. சனிக்கிழமை விருந்தினர் வருகிறார்கள். நாளைக்கே சரி செய்ய முடியுமா?” என்று போன் வரும். முடியாது. ஈரமும் உறைபனியும் இருக்கிற மாதத்தில் சுண்ணாம்புக் காரை இறுகாது. ஆகையால் இதை வெயில் காலத்தில் படித்து, வேலையையும் வெயில் காலத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சமையலறையில் விசிறியோடு மாட்டுகிற சிம்னியைப் பற்றி நான் பேசவில்லை. விறகெரிக்கும் கணப்புக்கு மேலே செங்கல்லாலோ கருங்கல்லாலோ எழும்பி, மச்சைத் துளைத்துக்கொண்டு கூரைக்கு வெளியே நிற்கிறதே, அந்தச் சிம்னி. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து இந்த வீடுகளை வாங்குகிறவர்கள் கணப்பின் முகப்பைத் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். மேலே பித்தளைக் குதிரை வைக்கிறார்கள். படம் எடுத்துப் போடுகிறார்கள். கூரை வரைக்கும் ஏறிப் பார்த்த வீட்டுக்காரர் அபூர்வம். கெடுதல் மேலேதான் தொடங்குகிறது.

மழை செய்யும் வேலை

சிம்னியைக் கெடுப்பது நெருப்பு என்று நினைக்கிறார்கள். நான் பிரித்துப் பார்த்த சிம்னிகளில் பெரும்பாலானவற்றைக் கெடுத்தது மழை. கூடலூர்ப் பக்கத்தைத் தென்மேற்குப் பருவமழை நனைத்தெடுக்கும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. சிம்னியின் உச்சியில் செங்கல் வரிசையை மூடி ஒரு தலைப்புப் பூச்சு இருக்கும். அதில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் போதும், தண்ணீர் இறங்கத் தொடங்கிவிடும். உள்சுவரில் படிந்த கரியோடு அந்த ஈரம் சேர்ந்து அமிலமாகிச் சுண்ணாம்பை அரிக்கும். சில வருடங்களில் செங்கல் சந்துகளில் காரை இருக்காது, மாவு இருக்கும்.

இதனால்தான் சிம்னியைச் சுத்தம் செய்ய மார்ச் மாதமே சரி என்று சொல்கிறேன். குளிர் முடிந்த கையோடு கரியை எடுத்துவிட்டால் அடுத்த ஆறேழு மாத மழையில் ஈரக்கரி சுவரைத் தின்னாது. டிசம்பரில் சுத்தம் செய்கிறவர் அது தின்று முடித்த பிறகு வருகிறார். மார்ச்சில் எடுத்துவிட்டால் நவம்பர் கடைசியில் கூடு, தேனடை, விழுந்த கல் ஏதாவது உண்டா என்று ஒருமுறை பார்த்தால் போதும்.

ஏணி போடாமலே முற்றத்தில் நின்று பாதியைக் கண்டுபிடிக்கலாம். கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கி நான்கு பக்கமும் படம் எடுங்கள். செங்கல்லின் மேல் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உள்ளே ஈரம் ஓடுகிறது. செங்கல்லின் முகம் தகடு தகடாகப் பெயர்ந்திருந்தால் ஈரம் வெகுநாளாக ஓடுகிறது. பெரணி, பாசி, அத்தி வகை நாற்று ஏதாவது முளைத்திருந்தால் அதன் வேர் சந்துக்குள் போய்விட்டது. மேலே தெரியும் செடியை மட்டும் கிள்ளி எறிந்து பயனில்லை. ஒரு பக்கம் சாய்வதுபோல் தோன்றினால் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். சாய்ந்த சிம்னிக்கு முட்டுக்கொடுப்பது வேலை ஆகாது. சாய்ந்த அளவு வரைக்கும் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். அதுவரை அதன் நிழலில் கார் நிறுத்தாதீர்கள், குழந்தைகளை விளையாட விடாதீர்கள். டிவி டிஷ் ஆண்டெனாவைச் சிம்னியில் கட்டும் பழக்கத்தைக் கண்டுபிடித்தவர் யாரோ தெரியவில்லை. ஆடி மாதக் காற்றில் அந்தத் தட்டு அசைய அசைய, மிச்சமிருக்கும் காரையும் விட்டுக்கொடுக்கும். உடனே கழற்றுங்கள்.

கூரையும் சிம்னியும் சேரும் இடத்தில் ஒரு தகடு மடித்து வைத்திருப்பார்கள். பழைய வீடுகளில் அது ஈயத்தகடு. அது கிழிந்தால் சிம்னியை ஒட்டிய சுவரில், கூரை மட்டத்துக்குக் கீழே, பழுப்பு நிறத்தில் கறை இறங்கும். அந்தக் கறைக்கு மேல் பெயிண்ட் அடித்து மறைத்த வீடுகள் ஏராளம்.

மச்சுக்குள் என்ன தெரியும்

இப்போது மச்சுக்கு ஏறுங்கள். கூரைக்கும் பலகைத் தட்டுக்கும் நடுவே உள்ள அந்த இருட்டு இடத்தில்தான் வீடு எரியத் தொடங்கும். ஹாலில் சிம்னியின் சுவர் கனமாக இருக்கும். மச்சுக்குள் வந்ததும் பல வீடுகளில் அது அரைச் செங்கல் கனத்துக்கு, அதாவது நாலரை அங்குலத்துக்கு, மெலிந்துவிடும். உள்ளே தனிக் குழாயும் கிடையாது. அந்தச் சந்துகளில் காரை உதிர்ந்தால் சூடான புகையும் பொறியும் நேராகக் கூரை மரத்துக்குப் போகும். மச்சில் வேறு என்னென்ன கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும்: பழைய செய்தித்தாள், வௌவால் எச்சம், முந்தைய உரிமையாளர் விட்டுப்போன மெத்தை.

டார்ச் அடித்துப் பாருங்கள். செங்கல் மேல் கறுப்புக் கோடுகள் இழுத்திருந்தால் அந்த இடத்தில் புகை கசிகிறது. சந்தேகம் இருந்தால் இன்னொரு வழி உண்டு. இரவில், கணப்பு ஆறியிருக்கும்போது, பிரகாசமான எல்.இ.டி. விளக்கைக் கயிற்றில் கட்டிச் சிம்னிக்குள் மேலிருந்து மெதுவாக இறக்கச் சொல்லுங்கள். நீங்கள் மச்சில் விளக்கில்லாமல் உட்கார்ந்திருங்கள். சந்தில் எங்கே ஒளி கசிகிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போடுங்கள். கோணலாகத் திரும்பும் புகைவழியில் எல்லாம் தெரியாது. ஆனாலும் தெரிகிற ஓட்டைகளே கண்ணைத் திறக்கப் போதும்.

மரத்துக்கும் சிம்னிச் சுவருக்கும் நடுவே குறைந்தது 2 அங்குல இடைவெளி வேண்டும். பழைய பங்களாக்களில் உத்தரத்தின் முனையைச் சிம்னிச் சுவருக்குள்ளேயே சொருகியிருப்பார்கள். இத்தனை காலம் எரியவில்லையே என்று வாதாடுவார்கள். வருடக்கணக்கில் சூடு வாங்கிய மரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரியாகிக்கொண்டே வரும். புதுமரம் தாங்குகிற சூட்டை அது தாங்காது. போன வருடம் எரியவில்லை என்பது இந்த வருடத்துக்குச் சான்று ஆகாது. உத்தரத்தின் முனை கறுத்திருந்தால் அதை வெட்டி, இரும்புத் தாங்கியில் நிறுத்த வேண்டும். அடுத்தது மின்கம்பி. கூரைக்குள் வசதியாக நிமிர்ந்து நிற்கிறது என்று எலக்ட்ரீஷியன்கள் சிம்னியை ஒட்டியே வயரை இழுத்துவிடுகிறார்கள். சூட்டில் அதன் உறை உருகும். நகர்த்தச் சொல்லுங்கள்.

இரண்டு அறைக்கு ஒரே சிம்னி

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஹாலிலும் படுக்கையறையிலும் முதுகோடு முதுகாகக் கணப்பு வைத்து, இரண்டின் புகைவழியையும் ஒரே தூணுக்குள் கொண்டுபோவது அந்தக் காலத்துக் கட்டுமானம். நடுவே ஒரு மெல்லிய செங்கல் தடுப்பு மட்டுமே இருக்கும். இரு பக்கமும் புகை, சூடு, ஈரம். அதனால் வெளிச்சுவருக்கு முன்பே இந்தத் தடுப்பு உதிர்ந்துவிடும்.

ஒரு தங்கும் விடுதியில் படுக்கையறைக் கணப்பை யாரும் உபயோகிப்பதில்லை என்று பிளைவுட் வைத்து அடைத்து, மேலே ஓவியம் மாட்டியிருந்தார்கள். அந்த அறையில் தங்கியவர்கள் காலையில் தலைவலி, குமட்டல் என்று எழுந்தார்கள். மலை ஏறி வந்த அலுப்பு என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். விடுதிக்காரர் இரவு சாப்பாட்டைச் சந்தேகப்பட்டுச் சமையல்காரரை மாற்றினார். என்னை அழைத்தது வேறு காரணத்துக்கு: ஹால் கணப்பில் விழுந்த செங்கல்லை எடுக்க. அந்தச் செங்கல் வெளிச்சுவரிலிருந்து விழுந்ததல்ல, நடுத்தடுப்பிலிருந்து விழுந்தது. ஹாலில் மூட்டும் தணலின் வாயு அந்த ஓட்டை வழியாகப் படுக்கையறைப் பக்கம் புகுந்து, குளிர்ந்து, கீழே இறங்கி, பிளைவுட் இடுக்கில் கசிந்துகொண்டிருந்தது. சமையல்காரரைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்களா என்று கேட்டேன். பதில் வரவில்லை.

அந்த வாயு கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, மணமும் கிடையாது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கும் மேலாக இதைப் பற்றிக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, மயக்கம், வாந்தி என்று எச்சரிக்கை தெரியும். தூங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது. வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்து, வெளியே போனதும் சரியானால் நெருப்பை அணையுங்கள், கதவு சன்னல்களைத் திறங்கள், மருத்துவமனைக்குப் போங்கள். இந்த வாயுவைக் கண்டு ஒலிக்கும் கருவி இணையத்தில் கிடைக்கிறது. கணப்பு உள்ள அறையில் ஒன்றும் படுக்கையறை ஒவ்வொன்றிலும் ஒன்றும் வையுங்கள். பின்புறம் அச்சிட்டிருக்கும் காலாவதி ஆண்டைப் பாருங்கள். தணல் நிறைந்த இரும்புச் சட்டியைப் படுக்கையறைக்குத் தூக்கிக்கொண்டு போகும் பழக்கத்துக்கு நான் ஆலோசனை எதுவும் தரப்போவதில்லை. அதைச் செய்யவே கூடாது.

உபயோகிக்காத கணப்பை அடைக்க வேண்டுமானால் செங்கல் வைத்து அடையுங்கள். முதலில் நடுத்தடுப்பு உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடைத்த சுவரின் கீழே ஒரு சின்னக் காற்றுத்துளை, மேலே மழை நுழையாத மூடி. முழுக்க அடைத்துவிட்டால் உள்ளே ஈரம் தங்கிச் சுவர் ஊறும்.

கரி எடுப்பது

விறகுப் புகை மேலே போகும் வழியில் குளிர்ந்தால் அதிலுள்ள தார் சுவரில் ஒட்டும். முதலில் தூளாக இருக்கும், பிறகு பொருக்காகும், கடைசியில் தார் பூசியதுபோல் பளபளவென்று இறுகும். தூளும் பொருக்கும் பிரஷ்ஷுக்கு வரும். பளபளப்பு வராது, அதைச் சுரண்ட ஆள் வேண்டும். அதுதான் தீப்பிடிப்பதும். படலம் 3 மில்லிமீட்டர் கனம் வந்தாலே சுத்தம் செய்ய வேண்டும். பளபளப்பாக இருந்தால் அந்தக் கனத்துக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது.

அப்பா காலத்தில் சீகை (வாட்டில்) மரக் கிளைகளைக் கட்டாகக் கட்டி, நடுவில் ஒரு கல்லை வைத்து, கயிற்றில் மேலும் கீழும் இழுப்பார்கள். இப்போது புகைவழியின் அளவுக்கு வட்டக் கம்பி பிரஷ்ஷும் ஒன்றோடொன்று திருகி நீட்டும் தண்டுகளும் கிடைக்கின்றன. கணப்பு ஒரு நாள் முழுக்க ஆறியிருக்க வேண்டும். கணப்பின் வாயை ஈரச்சாக்கால் மூடி, ஓரமெல்லாம் நாடா ஒட்டுங்கள். மேலிருந்து பிரஷ்ஷை இறக்கிக் கீழ்வரை தேய்த்து எடுங்கள். கரி அடங்க ஒரு மணி நேரம் விட்டுப் பிறகு சாக்கை எடுங்கள். கணப்புக்கு மேலே புகைவழி குறுகும் தொண்டைப் பகுதியில், இரும்புக் கதவுக்குப் பின்னால் ஒரு மேடை இருக்கும். விழுந்த கரியில் பாதி அங்கேதான் தங்கும். கையை விட்டு அள்ள வேண்டும். இதை விட்டுவிட்டுப் பணம் வாங்கிப் போகிறவர்கள் உண்டு.

முகமூடி, கண்ணாடி, கையுறை இல்லாமல் யாரையும் உள்ளே விடாதீர்கள். லண்டனில் சின்ன வயதில் சிம்னிக்குள் ஏறிக் கரி துடைத்தவர்களுக்குப் பின்னாளில் புற்றுநோய் வருவதை அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775இல் எழுதிவைத்தார். ஒரு தொழிலால் புற்றுநோய் வரும் என்று முதன்முதலில் சுட்டிக்காட்டியது அந்தக் கரியை வைத்துத்தான். நம் ஊரில் இன்னும் சித்தாளின் மூக்கில் ஒரு துண்டைக் கட்டிவிட்டால் போதும் என்கிறார்கள். வீட்டு வாக்குவம் கிளீனரையும் உபயோகிக்க வேண்டாம். நுண்கரி அதன் பின்வழியே அறை முழுக்கப் பரவும்.

தேனீ கூடு கட்டியிருந்தால் நெருப்பு மூட்டி விரட்ட நினைக்காதீர்கள். மெழுகு உருகி எரியும். தேன் எடுப்பவரை அழைத்து அடையோடு அகற்றச் சொல்லுங்கள். பிறகு உச்சியில் கம்பிவலை வைத்த தொப்பி போடுங்கள். வலைக்கண் அரை அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும், இல்லாவிட்டால் கரி அடைத்துக்கொள்ளும்.

கரி எவ்வளவு சேரும் என்பது விறகைப் பொறுத்தது. லாரியிலிருந்து இறக்கிய பச்சைக் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தை அன்றிரவே எரித்தால் நெருப்பு தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். புகை குளிர்ந்து தாராக ஒட்டும். பிளந்து, மழை படாமல், காற்றோட்டமாக ஒரு வருடம் அடுக்கிவையுங்கள். காய்ந்த கட்டையின் முனையில் வெடிப்பு இருக்கும். இரண்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அளக்கும் சிறு கருவி கிடைக்கிறது. சீகை நன்றாக எரியும். பைன், சைப்ரஸ் பொறி தெறிக்கும். உலர்ந்த கற்பூர இலையைக் குவித்துப் போடாதீர்கள், எண்ணெய் பற்றி நெருப்பு மேலே பாயும். பெயிண்ட் அடித்த பலகை, பால் பாக்கெட், தெர்மோகோல் எதற்கும் கணப்பில் இடமில்லை.

சிமெண்டை வைக்காதீர்கள்

பழைய செங்கல் மென்மையானது. அதைச் சுண்ணாம்பில் கட்டினார்கள். அந்தச் சந்தில் சிமெண்ட் வைத்தால் சிமெண்ட் இறுகி நிற்கும், ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் பொரியும். சூட்டில் விரிவதற்கும் இடம் கொடுக்காது. பத்து வருடம் கழித்து வந்து பார்த்தால் சிமெண்ட் சந்து கூடு கூடாக நிற்கும், நடுவில் செங்கல் குழிந்துபோயிருக்கும். அப்படிப்பட்ட சிம்னியை மறுபடி சரிசெய்வது முதலில் செய்வதைவிட இரண்டு பங்கு வேலை.

சரியான முறை இது. சந்தை உளியால் ஒரு அங்குல ஆழத்துக்குக் குறையாமல் தோண்டுங்கள். இயந்திரம் வேண்டாம், செங்கல்லின் விளிம்பு உடையும். தூசியைத் துடைத்து, நன்றாக நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த மணல் சேர்த்த காரையை அழுத்தி நிரப்புங்கள். ஒரு வாரமாவது ஈரச்சாக்கு போர்த்த வேண்டும். நெருப்பு நேரடியாகப் படும் கணப்பின் உட்சுவருக்கு மட்டும் தீச்செங்கல்லும் அதற்குரிய தீக்களிமண் காரையும் வேண்டும். உச்சித் தலைப்புக்கு நான் கான்கிரீட் வைக்கிறேன்: சுவரைவிட 2 அங்குலம் வெளியே நீட்டி, அடியில் தண்ணீர் சொட்டி விழ ஒரு காடி வெட்டி.

உட்சுவர் முழுக்கக் கெட்டிருந்தால் உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்கலாம். கோவைப் பட்டறைகளில் செய்து தருகிறார்கள். ஆனால் அளவைக் கணக்கிட்டுச் செய்யுங்கள். புகைவழியின் பரப்பு கணப்பு வாயின் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும். வாய் 36க்கு 30 அங்குலம் என்றால் 1,080 சதுர அங்குலம். அதற்கு 12 அங்குல விட்டமுள்ள குழாய் தேவை. கையில் இருந்தது என்று 8 அங்குலக் குழாயை மாட்டிவிட்டுப் போகிறார்கள். அதன் பரப்பு வெறும் 50 சதுர அங்குலம். புகை ஹாலுக்குத்தான் வரும்.

புகை திரும்புவதற்கு இன்னும் காரணங்கள் உண்டு. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான். மெலிந்த காற்றில் சிம்னியின் இழுவையும் குறையும். அதனால் உயரத்தில் கஞ்சத்தனம் கூடாது. சிம்னி கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர வேண்டும்; 10 அடி தூரத்துக்குள் உள்ள கூரை எதைவிடவும் 2 அடி மேலே நிற்க வேண்டும். பழைய மரச் சன்னலை எடுத்துவிட்டுக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் சட்டச் சன்னல் போட்ட வீடுகளில் நல்ல சிம்னியும் புகையைத் திருப்பி அனுப்பும். எரியும்போது ஒரு சன்னலை இரண்டு விரல் திறந்துவையுங்கள். சமையலறை எக்ஸாஸ்ட் விசிறியை நிறுத்துங்கள்.

சாம்பலைப் பற்றி ஒரே வரி: மூடியுள்ள இரும்பு வாளியில், வீட்டுக்கு வெளியே, மண் தரையில். நாலு நாள்கூட உள்ளே தணல் இருக்கும்.

சிம்னிக்குள் தீப்பிடித்தால்

உள்ளே ஓவென்று இரைச்சல் கேட்கும், உச்சியில் பொறி பறக்கும், சுவர் தொட முடியாமல் சுடும். சூடு 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். முதலில் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு 101க்குச் சொல்லுங்கள். நேரமிருந்தால் மட்டும் கணப்பு நெருப்பின் மேல் மணலோ சாம்பலோ கொட்டுங்கள், கண்ணாடிக் கதவு இருந்தால் மூடுங்கள். மேலிருந்தோ கீழிருந்தோ சிம்னிக்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள்: சூடான செங்கல் வெடிக்கும், நீராவி உங்கள் முகத்துக்கு வரும். தீயணைப்பு வீரர்கள் வந்ததும் மச்சை முதலில் காட்டுங்கள். நெருப்பு தானாக அடங்கிவிட்டாலும் அந்தச் சிம்னியை முழுக்கச் சோதிக்காமல் மறுபடி மூட்டக்கூடாது. பல சமயம் இந்தத் தீ சத்தமில்லாமல் வந்துபோகும். மார்ச்சில் கரி எடுக்கும்போது பொருக்கு பொரிந்து உப்பிக் கிடந்தால், வீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஒருமுறை எரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆள் பிடிக்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். மச்சில் ஏறிப் பார்ப்பாயா? சந்துக்கு என்ன காரை வைப்பாய்? உச்சியிலும் மச்சிலும் வேலைக்கு முன்னும் பின்னும் கைப்பேசியில் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ‘மேலே ஏறத் தேவையில்லை சார், கீழிருந்தே தெரிகிறது’ என்று சொல்கிறவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.